கோட்டை வாசலைத் திறந்தது நான்

மகன்,

உனக்குத் தனியாக அனுப்பிய செய்திகளையெல்லாம் நீ பார்த்துவிட்டாய் என்று தெரியும். நீல அடையாளம் விழுந்திருக்கிறது. பதிலாக "சாப்பிட்டேன்", "வேலைக்குப் போறேன்", "இங்க குளிர்" என்று ஒரு சொல், இரண்டு சொல் வருகிறது. நீ என்னை ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீ ஏசவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில் இதை எழுதுகிறேன். உன் படையில் இருந்தவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த யாராவது இதைப் பார்த்தால், மணிலாவிலும் ஜகார்த்தாவிலும் இருக்கிற மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லட்டும். கோட்டையை விற்றவன் என்று அவர்கள் சொல்வது உன்னை. அன்று மாலை வாசலைத் திறந்தது நான். நீ அப்போது விமானத்தில் இருந்தாய்.

படிக்கிறவர்களுக்கு உன் விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் ஒரு பெரிய நாடு. அதில் கருங்கொடி, வெண்கொடி என்று இரண்டு படைகள். ஒவ்வொரு உருவத்துக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு வீட்டில் உண்மையான ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். நீ கருங்கொடிப் பக்கம். ஆற்றோரமாக ஒரு கோட்டையை உன் ஆட்கள் இரண்டு வருடமாகக் கல் கல்லாகக் கட்டினார்கள். அதன் பெரிய வாசலுக்கு நீ ஜம்பட்டா என்று பெயர் வைத்தாய், நாங்கள் இருக்கிற தெருவின் பெயரை. பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் "ஜம்பட்டா! ஜம்பட்டா!" என்று கத்துவது உன் ஹெட்போனுக்கு வெளியேயும் கேட்கும். கொட்டாஞ்சேனையில் இருக்கிற எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று அதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். அதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

உன்னிடம் சொல்லாதவை நிறைய. நான் அப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். ஜிந்துப்பிட்டியில் எங்கள் சந்திலிருந்து முதலில் கம்பஸுக்குப் போனவள் நான். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். படித்த காலம் முழுக்கக் கடைசி வரிசையில் இருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்க ஒரு நாளும் கை தூக்கவில்லை. விடை தெரிந்தாலும் தூக்கவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு நீ என் வயிற்றில் இருந்தாய். நீ பிறந்த அடுத்த வருடம் உன் அப்பா கட்டாருக்கு லொறி ஓட்டப் போனார், இன்னும் ஓட்டுகிறார். பிறகு நீயும் நானும்தான். நான் படித்ததால் நீயும் படிப்பாய் என்று நினைத்தேன். நீ திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாய். உனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, ஒரு சண்டை நடுவில் ரவுட்டரின் வயரைப் பிடுங்கினேன். நீ கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாப்பது பேர் என்ன நம்பி நிக்கிறாங்கம்மா" என்றாய். நாற்பது பேர் ஒரு கூடத்தில் இருந்தால் வாயே திறக்காத எனக்கு அது விளங்கவில்லை. அன்றிலிருந்து வயரைத் தொடவில்லை. ஆனால் கதவோரம் நின்று கவனிக்கத் தொடங்கினேன்.

அப்படிக் கவனித்ததில், உன் போரில் போரைவிடக் காத்திருப்பதுதான் அதிகம் என்று கண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருநூறு பேரை வரிசையில் நிற்க வைப்பாய். எதிரி வரமாட்டான். மூன்று மணித்தியாலம் போகும். ஒருவர் குழந்தையைத் தூங்க வைக்கப் போவார், ஒருவர் கோபித்துக்கொண்டு போவார். உனக்குக் கீழே இருந்த தலைவர்கள் மூன்று பேரும் தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள். எல்லோரும் கலைந்த பிறகு எதிரி வருவான். அப்படியே இரண்டு பக்கமும் முழுதாக வந்துவிட்டாலும், அத்தனை கூட்டம் ஓர் இடத்தில் சேர்ந்ததும் விளையாட்டே மூச்சு முட்டி நின்றுவிடும். ஓங்கிய வாள் ஓங்கியபடி நிற்கும். நீ மேசையில் தட்டுவாய். திரும்ப ஓடத் தொடங்கும்போது நீ செத்துக் கிடப்பாய், எப்படிச் செத்தாய் என்று உனக்கே தெரியாது. வெல்கிற பக்கத்துக்கு ஆள் சேருவதையும் பார்த்தேன். ஒரு கிழமை தோற்றால் உன் பட்டியலில் முப்பது பேர் குறைவார்கள். "நேத்து வரைக்கும் அண்ணே அண்ணேன்னு நின்டவன்மா" என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொல்வாய். நான் இன்னொரு கரண்டி சோறு வைப்பேன். வேறென்ன செய்யத் தெரியும்?

அந்தக் காலத்தில் உனக்கு ஒரே கூட்டாளி சுதன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் அவர்கள் வீடு, நாலாம் மாடி. மின்வெட்டுதான் உங்களைச் சேர்த்தது. ஊரை A, B, C என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து, கரன்ட் வெட்ட நேரம் போட்ட நாட்கள் அவை. எங்களுக்குக் கரன்ட் போகிற நேரம் அவர்களுக்கு இருக்கும், அவர்களுக்குப் போகிற நேரம் எங்களுக்கு இருக்கும். நீ கணினிப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போவாய். இன்னொரு நாள் அவன் தன்னுடையதைச் சுற்றிக்கொண்டு இங்கே வருவான். லிப்ட் வேலை செய்யாத நாட்களில் அவனுடைய அப்பாவும் ஒரு பக்கம் பிடித்துப் பெட்டியை நாலு மாடி ஏற்றினார் என்று நீ சொல்லியிருக்கிறாய். இங்கே வந்தால் சுதன் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, "அன்ரி, அங்கிள் இன்னும் குளிச்சு முடியேல்லையோ?" என்று கேட்பான். நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம்.

அது எங்கள் வீட்டுப் பகிடி. அப்பா வெளிநாட்டில் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது என் சட்டம். விபரம் எழுத வருகிற பொலிஸ் ஆகட்டும், பைபிளோடு வருகிறவர்கள் ஆகட்டும், கதவைத் தட்டினால் "அப்பா குளிக்கிறார்" என்று சொல்லவேண்டும். உனக்கு ஆறு வயது இருக்கும். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த மனிதரிடம் அதையே சிங்களத்தில் "தாத்தா நானவா" என்று சொல்லிவிட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றாய். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "போன மாசமும் குளிச்சிட்டுத்தானே தம்பி இருந்தார்? அதுதான் மீட்டர் இந்த ஓட்டம் ஓடுது" என்று சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். வீட்டில் ஆள் இல்லை என்று வெளியில் நிற்பவனுக்கு ஒருபோதும் சொல்லாதே என்று உனக்குப் படிப்பித்தவள் நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். போன வருடம் வெண்கொடிக்காரர்கள் முழுப் பலத்தோடு உங்கள் கோட்டைக்கு வந்த நாள். பின்னேரம் ஐந்து மணி. உன் பக்கம் மட்டும் நானூறு பேர் என்று காலையிலேயே சொல்லியிருந்தாய். இடது பக்க மதிலை சுதனுக்குக் கொடுத்திருந்தாய். சண்டை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. சுதன். உன் போனை நீ எடுக்கவில்லை என்று எனக்கு எடுத்திருக்கிறான். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"அன்ரி, அப்பாக்குத் திடீரெண்டு ஏலாமப் போச்சு. ஒரு பக்கம் இழுத்திட்டுது. இண்டைக்கு என்னால வரேலாது எண்டு அவனிட்ட சொல்லிவிடுங்கோ. மதில்ல ஆரையாவது போடச் சொல்லுங்கோ."

"கட்டாயம் சொல்றேன் மகன். நீங்க அப்பாவப் பாருங்க" என்றேன்.

போனைப் பிடித்தபடி உன் அறை வாசலுக்கு வந்தேன். நீ எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாய். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. ஆங்கிலத்தில் ஒரு வசனம், சிங்களத்தில் ஒரு சொல், இடையில் யாரோ தமிழ்ப் பிள்ளைக்கு "இருடா, இப்ப வேணாம், நான் சொல்லும்போது" என்று ஒரு அதட்டல். நீ சொன்னதும் நானூறு பேர் பேசாமல் இருந்தார்கள். நீ சொன்னதும் நானூறு பேர் ஓடினார்கள். என் அப்பா வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதற்குத் தூக்கினார், இறக்கினார். நான் ஒபிசில் இன்றைக்கும் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல நடுங்குவேன். அந்த இரண்டு பேருக்கும் பிறகு நீ இப்படி வந்திருக்கிறாயே என்று நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மகன்" என்று ஒருமுறை கூப்பிட்டேன். நீ திரும்பாமல் கையைத் தூக்கி, "பிறகும்மா, பிறகு" என்றாய். அது போதுமாக இருந்தது எனக்கு. நான் கூப்பிட்டேன், அவன்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

இடது மதில் விழுந்தது. முப்பது பேர் தலைவன் இல்லாமல் நின்று செத்தார்கள். நீ உள்ளே இருந்தவர்களை இழுத்து வந்து வாசலை மட்டும் எப்படியோ காப்பாற்றினாய். எதிரி திரும்பிப் போனான். உன் அறையில் எழுந்த சத்தத்துக்கு மேல் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாய். சின்னப் பிள்ளையில் செய்ததற்குப் பிறகு அன்றுதான். உன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் சந்தோசம் கெட்டுவிடும் என்று நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், நீ கையை எடுத்துவிடுவாய் என்று நினைத்தேன்.

நீ திரும்ப உள்ளே போய், அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்க, சுதனின் பெயரைச் சொன்னாய். பயந்தாங்கொள்ளி என்றாய். சண்டை என்றதும் ஒளிந்துகொண்டான் என்றாய். யாரோ சிரித்தார்கள். நான் தேத்தண்ணீரோடு வாசலில்தான் நின்றேன். இப்போது சொன்னால் நானூறு பேர் முன்னால் உனக்கு வெட்கமாகிவிடும், நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அந்த நாளை வந்தபோது, நேற்றே சொல்லியிருக்கவேண்டும் என்பதால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாள் போகப் போகச் சொல்வது பெரிதாகிக்கொண்டே போனது. கொஞ்ச நாளில், "சுதன் வர்றதில்லையா?" என்று கேட்டேன். "அவனப் பத்திக் கதைக்காதீங்கம்மா" என்று நீ எழுந்து போய்விட்டாய். அவன் வெண்கொடிப் பக்கம் போனது எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் சொல்லாமல் விடுவது உனக்கும் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.

அவன் தன் பக்கத்தை ஏன் உனக்கு விளக்கவில்லை என்று யோசித்துப் பார். அவனைப் பொறுத்தவரை அவன் சொல்லிவிட்டான். அவனுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடப்பது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். தெரிந்துகொண்டே நீ அவனைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னாய் என்று நினைத்தான். உன் பெட்டியை நாலு மாடி தூக்கிய மனிதர் அவர்.

பிறகு ருமேனியாவில் தொழிற்சாலை வேலை சரிவந்தது. நீ போவதற்கு முதல் நாள் என்னைக் கதிரையில் இருத்தி ஒரு வேலை பழக்கினாய். ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு வாசல் காவலனாக உள்ளே போய் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் வாசல் அடுத்த நாள் வரைக்கும் பூட்டியிருக்கும். நீ அங்கே போய் இணைய வசதி எடுக்கும் வரை, ஒரு மூன்று நாலு நாளைக்கு நான் செய்யவேண்டும்.

"உன்ட ஆக்கள்ள யார்ட்டயாவது குடுக்க ஏலாதா மகன்?" என்று கேட்டேன்.

"நானூறு பேர்ல ஒருத்தனையும் நம்ப ஏலாதும்மா. எல்லாப் பக்கமும் உளவாளி. உங்களத்தான் நம்பலாம்." பிறகு மஞ்சள் பொத்தானைக் காட்டினாய். "இது மட்டும். பக்கத்துல இருக்கிற சிவப்பு, வாசலத் திறக்கிறது. அதத் தொடவே கூடாது. யாரும் மெசேஜ் போட்டா பதில் போடாதீங்க. சும்மா பாத்திட்டு வாங்க."

அடுத்த நாள் காலை உன்னைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்து, வீட்டில் ஒரு தட்டைக் கழுவி வைத்தேன். மாலை ஆறுக்கு உன் கதிரையில் உட்கார்ந்தேன். உன் உருவம் வாசலுக்கு மேல் நின்றது. மஞ்சளை அழுத்தினேன். அப்போது கீழே ஓர் எழுத்து வந்தது. தமிழ், ஆங்கில எழுத்தில். 'மச்சான், நிக்கிறியோ? கேட்டைத் திற. கதைக்கோணும்.' பெயரைப் பார்த்தேன். சுதன், மதிலுக்கு வெளியே தனியாக நின்றான்.

எழுந்து போயிருக்கவேண்டும். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்பத்திரிச் சத்தம்தான் கேட்டது. தேடித் தேடித் தட்டினேன்: 'மகன் ப்ளேனில் இருக்கிறான். நான் அம்மா.'

வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆறு வயதில் நீ செய்யாத பிழையை நான் செய்தேன்.

பிறகு, 'அன்ரியோ? சுகமா இருக்கிறியளோ?' என்று வந்தது. அப்பா எப்படி என்று கேட்டேன். 'நடக்கிறார் அன்ரி. தடியோட.' கீழே அடுத்த எழுத்தும் வந்தது. 'உள்ள வரலாமோ அன்ரி?' என்று கேட்டான். எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை. அவனுக்கு நான் செய்ததை அவனுக்கு எப்படிச் சொல்வது? சொல்வதற்கு வெட்கம், கதவைத் திறப்பதற்கு வெட்கம் இல்லை. சிவப்பை அழுத்தினேன்.

அவன் வாசலுக்குள் ஓர் அடி வைத்து நின்றுவிட்டான். வெகு நேரம் அசையாமல் நின்றான், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அவனுக்குப் பின்னால் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக் கொடிகள் வந்தன. 'சுதன், இவங்கல்லாம் யார்?' என்று கேட்டேன். மஞ்சளை அழுத்தினேன், திரும்பத் திரும்ப அழுத்தினேன். வாசலில் ஆள் நிற்கும்போது வாசல் மூடாது. அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஹெட்போனுக்குள் யார் யாரோ உன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எல்லோரும் உன்னிடம்தான் கேட்டார்கள், என்ன செய்வது என்று. ஒலிவாங்கி வாய்க்கு முன்னால் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கம்பஸில் கை தூக்காத அதே நான், நானூறு பேர் முன்னால், நீ இல்லாத இடத்தில். உன் கோட்டை எரிந்து முடிய அரை மணித்தியாலம் ஆனது. நீ அந்த நேரம் கட்டாரில் விமானம் மாறிக்கொண்டிருப்பாய் என்று உன் அப்பா பிறகு போனில் கணக்குச் சொன்னார்.

நீ இறங்கியதும் கேட்டாய்: "கேட்டைத் திறந்தது நீங்களா?" நான் "ஓம்" என்று மட்டும் போட்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. உன் ஆட்களிடமும் அம்மா திறந்தார் என்று நீ சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார்கள் என்று இருக்கலாம். என்னைச் சிரிப்புக்கு விடக்கூடாது என்று இருக்கலாம். அவர்கள் உன்னைப் படையிலிருந்து நீக்கினார்கள். நீ அந்த விளையாட்டுக்குள் திரும்ப வரவேயில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் கோட்டை எழும்பாது என்று தெரியும். அங்கே உன் தொழிற்சாலையில் நாளைக்கு உனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்யக்கூடும். ஒருவன் வரவில்லை என்றால், ஏசுவதற்கு முதல் ஏன் வரவில்லை என்று அவனிடமே கேள். தகவலை வேறொருவரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்காதே. சொல்லவேண்டியதைப் பிறகு என்று வைக்காதே. உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், பிழை செய்தவளுக்கு இருக்கிற அளவு இருக்கிறது.

இன்னும் ஒன்று. நான் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு உள்ளே போகிறேன். அழுத்துவதற்கு மஞ்சள் இல்லை, சிவப்பும் இல்லை. கரிந்த கல்லும் ஆறும்தான். சும்மா பார்த்துவிட்டு வருவேன். நேற்று சுதன் வந்தான், தனியாக. 'அவன் இருக்கிறானோ அன்ரி?' என்று கேட்டான். ஆஸ்பத்திரி நாளைப் பற்றி அவனுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. அவனுக்கு முன் உனக்குச் சொல்லவேண்டும் என்று இருந்தேன். உனக்கு அவனோடு கதைக்க விருப்பமா இல்லையா என்றும் எனக்குத் தெரியாது. நீ இல்லை, வரமாட்டாய் என்று எழுத விரல் ஓடவில்லை. 'குளிக்கிறான்' என்று எழுதினேன்.

'சரி அன்ரி, நான் வெளியில நிக்கிறன்' என்று வந்தது.

இன்று ஆறு மணிக்குப் போனேன். நிற்கிறான். வாசல் இருந்த இடத்தில் வாசல் இல்லை, உள்ளே வர அவனுக்கு ஒரு தடையும் இல்லை. என்றாலும் வாசல் இருந்த கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறான்.

அம்மா